ஜாமீன் யாருக்கு? ஜெயில் யாருக்கு?

ஒரு மனிதன் குற்றம் செய்தான் என்று கோர்ட்டில் விசாரித்து, சாட்சி கேட்டு, தீர்ப்புச் சொல்லி, இத்தனை மாதம் அல்லது இத்தனை வருஷம் என்று கணக்கும் போட்டு, அதன் பிறகு அவனை ஜெயிலில் வைப்பதற்குத் தண்டனை என்று பெயர். இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவன் குற்றம் செய்தானா இல்லையா என்பதே முடிவாகாமல் இருக்கும்போது, அவனை மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் அதே சுவருக்குள், அதே பூட்டுக்குள் அடைத்து வைத்திருப்பதற்கு என்ன பெயர்? சட்டம் படித்தவர்கள் இதற்கு “ரிமாண்டு” என்றும், “விசாரணைக் காவல்” என்றும் பெயர் சொல்லுகிறார்கள். பெயரை மாற்றிவிட்டதனால் பூட்டு மாறிவிடுமா? உள்ளே இருப்பவனுக்கும், வெளியே அவனை நம்பிக் கிடக்கும் பெண்டு பிள்ளைகளுக்கும் இரண்டும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. தண்டனை பெற்றவனுக்குத் தான் வெளியே வரும் நாள் தெரியும். விசாரணைக் கைதிக்கு அந்த நாளும் தெரியாது.

இப்படிப்பட்டவர்கள் எங்கேயோ ஒருவர் இருவர் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். இந்திய சர்க்காரே வெளியிட்ட சிறைக் கணக்கின்படி, 2022-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியன்று இந்நாட்டு ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடமோ 4,36,266 பேருக்குத்தான். இவர்களில் தண்டனை பெற்ற கைதிகள் 1,33,415 பேர். தீர்ப்பே இல்லாத விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல், குற்றவாளிகள் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். ஜெயில் என்பது குற்றவாளிகள் இருக்குமிடம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது பொய்யாயிற்று. ஜெயில் என்பது பெரும்பாலும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் இருக்குமிடம் என்பதுதான் மெய். இந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் தாழ்த்தப்பட்டவர், மலைஜாதியார், பிற்படுத்தப்பட்டவர் ஆகிய வகுப்பார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது.

இதைச் சொன்னால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? “அவன் தலையெழுத்து அப்படி” என்கிறார்கள். “சனி பிடித்துவிட்டது, ஏழரை வருஷம் ஆட்டிவைத்துத்தான் விடும்” என்கிறார்கள். இன்னும் சிலர், மகன் வெளியே வரவேண்டுமென்று திருநள்ளாற்றுக்கு எள் விளக்குப் போடப் போய், பஸ் கூலிக்கும் எண்ணெய்க்கும் கடன் வாங்குகிறார்கள். நாம் கேட்கிறோம்: தலையெழுத்தாய் இருந்தால் அது பத்து வேலி நிலம் உள்ளவனுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டாமா? சனி பிடிப்பதாய் இருந்தால் ரைஸ் மில் முதலாளியையும் அப்படியே ஏழரை வருஷம் பிடிக்க வேண்டாமா? காலையில் கைதானவர் மாலையில் மாலை மரியாதையோடு காரில் வீட்டுக்குத் திரும்புகிறாரே, அவரிடம் மட்டும் சனி பகவான் ஏன் தோற்றுப்போகிறார்? காரணம் கிரகத்தில் இல்லை. கையெழுத்துப் போட ஆள் இருக்கிறானா இல்லையா என்பதில் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஒருவனைப் போலீசார் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துகிறார்கள். மாஜிஸ்திரேட் ஜாமீனும் கொடுத்துவிடுகிறார் என்றே வைத்துக்கொள்ளுவோம். இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாகிறது. அந்த இரண்டு பேர் யார்? சொத்துள்ளவர்கள். சொத்துக்கு அடையாளம் என்ன? வீட்டு வரி ரசீது, நிலப் பட்டா, கிஸ்தி ரசீது, தாசில்தார் சர்ட்டிபிகேட். இப்போது நமது காவேரிப் பாசன நாட்டைப் பாருங்கள். பழைய தஞ்சை ஜில்லா முழுவதும் பசேலென்று நெல் விளைகிறது. விளைகிற நிலத்திலே ஒரு பெரும் பங்கு கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தம். இன்னொரு பெரும் பங்கு பெரிய குடித்தனக்காரர்களுக்குச் சொந்தம். அந்தச் சேற்றிலே இறங்கி நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்து, களத்துக்குக் கொண்டுவந்தவனுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் குடியிருந்த மனைக்கட்டு அவனுக்குச் சொந்தமாயிற்று. அதற்கும் பட்டா கையில் வராதவர்கள் உண்டு. அவன் மச்சானுக்கும் அதே மனைக்கட்டுத்தான். பங்காளிக்கும் அதே மனைக்கட்டுத்தான். ஆகவே ஒரு தெரு முழுவதும் திரண்டு வந்தாலும் கோர்ட்டார் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு ஜாமீன்தாரர் அந்தத் தெருவில் அகப்படுவதில்லை. நிலம் இல்லாத குற்றத்துக்கு இந்த நாட்டில் எந்தச் சட்டத்திலும் தண்டனை எழுதப்படவில்லை. ஆனால் அதுதான் எல்லாக் குற்றங்களையும்விட அதிக நாள் உள்ளே வைக்கிற குற்றமாக இருக்கிறது.

இது ஏதோ நமது கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. 2022-ஆம் வருஷ முடிவில், ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஜாமீன் கட்ட வழியில்லாமல் ஜெயிலிலேயே கிடந்தவர்கள் நாடெங்கும் ஏறத்தாழ 5,000 பேர் என்று சுப்ரீம் கோர்ட்டிலேயே கணக்குச் சொல்லப்பட்டது. கதவைத் திறந்துவிட்டோம் என்று கோர்ட்டு சொல்லுகிறது. கதவுக்கு வெளியே பணம் என்று இன்னொரு கதவு இருக்கிறது.

நிற்க, தண்டனை என்பது இந்த நாட்டில் எப்படி இருந்தது என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். மனுதர்மம் என்கிற நூல், ஒரே குற்றத்துக்கு ஜாதிக்கு ஒரு தண்டனை வைத்தது. மேல்ஜாதிக்காரன் உயிர்போகும் குற்றம் செய்தால் தலையை மொட்டையடித்தால் போதும் என்றும், கீழ்ஜாதிக்காரன் வாய்விட்டுத் திட்டினாலே நாக்கை அறுக்க வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. 1860-ஆம் வருஷத்து இண்டியன் பீனல் கோடு வந்த பிறகுதான் எல்லா ஜாதிக்கும் ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை என்பது எழுத்திலாவது ஏற்பட்டது. எழுத்தில் ஏற்பட்டது வயலுக்கு வந்துசேரவில்லை. தஞ்சை ஜில்லாப் பண்ணைகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சவுக்கடியும், சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றுவதும் நடந்துவந்தன. அதற்கு வாரண்டு இல்லை, விசாரணை இல்லை, அப்பீல் இல்லை. மிராசுதாரே போலீசு, மிராசுதாரே மாஜிஸ்திரேட். தொழிலாளிகள் சங்கம் வைத்துப் போராடிய பிறகுதான் அது ஒழிந்தது. விசாரணை இல்லாத அந்தத் தண்டனை பண்ணையின் களத்தைவிட்டுப் போயிற்று என்பது உண்மை. ஆனால் விசாரணை இல்லாத தண்டனை என்பதே போய்விட்டதா என்றுதான் நாம் கேட்கிறோம்.

1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. கூலி அதிகம் கேட்டதற்கு அந்தப் பரிசு. நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு 1970-ல் முக்கியமான மிராசுதாருக்கும் மற்றும் சிலருக்கும் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 1973-ல் ஐக்கோர்ட்டு அவர்களை விடுதலை செய்துவிட்டது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து கொளுத்தினார்கள் என்பது நம்பத்தக்கதாயில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலே இருந்தது. அதே இரவு மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்த வழக்கில் தொழிலாளிகள் தண்டனை பெற்றார்கள். நிலம் இருந்தால் ஜாமீன் மாத்திரமல்ல, நம்பிக்கையும் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதையெல்லாம் சர்க்காரும் கோர்ட்டாரும் அறியாதவர்கள் அல்ல. அறிந்து சீர்திருத்தங்களும் செய்துதான் வந்திருக்கிறார்கள். அவைகளைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். 1978-ல் மோதிராம் என்ற கொத்தனார் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்திலுள்ள அந்த ஏழைக் கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய அண்ணன் தம்பி ஜாமீன் கொடுக்க வந்தபோது சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தக் கையெழுத்தையே வாங்கிக்கொண்டு விடும்படி உத்தரவிட்டார். அடுத்த வருஷமே பீகார் விசாரணைக் கைதிகளைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரைகளை வைத்து வக்கீல் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அம்மையார் ஒரு வழக்குப் போட்டார். குற்றம் ருசுவானாலும் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக்காகவே உள்ளே கிடந்தவர்கள் இருந்தார்கள் என்பது அதிலே வெளியாயிற்று. சீக்கிரம் விசாரிக்கப்படுவது ஒரு பிரஜையின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. ஹுஸைனாரா கத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர். அதனால் ஏறத்தாழ 40,000 பேர் வெளியே வந்ததாகச் சொல்லப்படுகின்றது.

பிறகு 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வந்தது. ஒரு குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் விசாரணைக் கைதியாகவே இருந்துவிட்டவனை, மரண தண்டனைக் குற்றம் தவிர மற்றவைகளில், சொந்தக் கையெழுத்தின் பேரில் விட வேண்டும் என்று அது சொல்லிற்று. ஜாமீனில் விட்டே தீரவேண்டிய சிறு குற்றங்களில் ஒருவன் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவன் வகையற்ற ஏழை என்று எடுத்துக்கொண்டு விட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லிற்று. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி போய், ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்தில் வெளியே போகாதவனைப் பற்றி ஜெயில் சூப்பரின்டெண்டு சட்ட உதவிக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதம் ஆகியும் போகாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சொல்லிற்று. அதே வருஷம் இந்திய சர்க்கார், ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையில் ஜாமீன் பணம் கொடுக்க ஒரு திட்டமும் போட்டது. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல், தமிழன் நாக்கில் நுழையாத பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற பெயரோடு புதிய நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. அதன் 479-வது பிரிவுப்படி, முன்பு ஒரு தடவையும் தண்டனை பெறாதவன் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்தாலே ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். ஜெயில் சூப்பரின்டெண்டே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். பழைய வழக்குக்காரர்களுக்கும் இது உண்டு என்று 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஜெயில் ஏன் காலியாகவில்லை? இங்கேதான் வாசகர்கள் பொறுமையாய்க் கவனிக்க வேண்டும்.

ஒரு கூலியாள் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு பம்புசெட்டுச் சாமானைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டான் என்று வைத்துக்கொள்ளுவோம். சப்-இன்ஸ்பெக்டர் அதைச் சாதாரணத் திருட்டு என்று எழுதினால் அதிகபட்சம் மூன்று வருஷம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு வருஷம். அதையே, பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் திருட்டு என்று எழுதினால் அதிகபட்சம் ஏழு வருஷம். அதில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு வருஷம் நாலு மாதம். சாமான் ஒன்று, ஆள் ஒருவன், இரவு ஒன்று. பேனா எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் ஒரு வருஷம் நாலு மாதம் போகிறது. அதாவது இரண்டு குறுவையும் ஒரு சம்பாவும் போகிறது. இத்தனைக்கும், சாதாரணத் திருட்டிலே 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடிப் பொருளையும் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஜெயிலே வேண்டாம், பொதுத் தொண்டு செய்தால் போதும் என்று புதிய தண்டனைச் சட்டமே சொல்லுகிறது. ஆனால் அந்தத் தண்டனையைத் தீர்ப்பு வந்த பிறகுதானே பெறலாம்? ஜெயிலே வேண்டியதில்லாத குற்றத்துக்கு, தீர்ப்புக்குக் காத்திருந்து ஜெயிலில் இருப்பவனைப் போன்ற பைத்தியக்காரத்தனம் உலகத்தில் உண்டா?

இரண்டாவது ஓட்டை, ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றமானால் 479-வது பிரிவே கிடையாது என்பது. மூன்றாவது ஓட்டை, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது என்பது. சேரிக்கும் தெருவுக்கும் ஒரு சண்டை வந்தால் ஒரே ஆள் பேரில் எத்தனை வழக்குப் போடப்படுகிறது என்பது நமது கிராமவாசிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தடவை போலீஸ் நோட்டில் பெயர் ஏறிவிட்டால் பக்கத்து ஊரில் ஆடு காணாமற் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். “கேடி” என்ற வார்த்தையே போலீஸ் ரிஜிஸ்டரிலிருந்து தமிழுக்கு வந்த வார்த்தைதான். முழு முழு ஜாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று சொல்லி, கைரேகை வைக்கச் செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் எடுபட்டது. எடுபட்ட மறு வருஷமே, வழக்கமாகக் குற்றம் செய்பவர்களுக்கு என்று வேறு பெயரில் ஒரு சட்டம் வந்துவிட்டது. பிறவியால் குற்றவாளி என்பது போய், பழைய வழக்கால் குற்றவாளி என்பது வந்தது. முன் ஜென்ம வினை என்று புராணிகன் சொன்னதற்கும், முன் வழக்கு இருக்கிறது என்று இவர்கள் சொல்லுவதற்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

நாலாவது, ஒரு கையால் காலத்தைக் குறைத்துக்கொண்டே மறு கையால் தண்டனையை உயர்த்துவது. எங்கேயாவது ஒரு பெரிய அக்கிரமம் நடந்து பத்திரிகைகள் கூச்சலிட்டால் உடனே சட்டசபையில் தண்டனையை உயர்த்துகிறார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் பலர் மாண்டபோது அப்படியே நடந்தது. மதுவிலக்குச் சட்டத்தில் ஆயுள் தண்டனையும் பத்து லக்ஷம் ரூபாய் அபராதமும் ஏறின. சாராய முதலாளிக்கு எவ்வளவு கடுமையான தண்டனை கொடுத்தாலும் நமக்கு அழுகை வராது. ஆனால் உச்சத் தண்டனை உயர உயர, அதில் மூன்றில் ஒரு பங்கும் பாதியும் தானாகவே உயர்ந்துவிடும் என்பதையும், ஆயுள் என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்கே மறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. பிடிபடுகிறவன் முதலாளியாய் இருந்தால் அவனுக்கு ஜாமீன்தாரர் வரிசையில் நிற்பார்கள். பாக்கெட்டு சுமந்த கூலிக்காரன்தான் அந்த உயர்ந்த கணக்கை உள்ளே உட்கார்ந்து எண்ண வேண்டியவன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனிப் பெருமை உண்டு. வடநாட்டு ஜெயில்களைப்போல் நம் ஜெயில்கள் இடம் கொள்ளாமல் வழிவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் விசாரணையே வேண்டாம் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம் 1982 முதல் இங்கே இருக்கிறது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் பன்னிரண்டு மாதம் வரையில் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. இந்நாட்டில் தடுப்புக் காவலில் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று அண்மை வருஷங்களின் கணக்குச் சொல்லுகிறது. மணல் அள்ளுகிறவனையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். ஆற்று மணலை அள்ளிப் பங்களா கட்டியவன் இதில் அகப்பட்டானா, மாட்டு வண்டிக்காரன் அகப்பட்டானா என்று காவேரிக் கரையில் உள்ளவர்களே சொல்லட்டும். ஐக்கோர்ட்டு பல உத்தரவுகளை ரத்து செய்துதான் வருகிறது. ஆனால் ரத்தாகிற நாளுக்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஓடிய மாதத்தை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

வெளிநாட்டில் என்ன நடந்தது என்பதும் நமக்குப் பாடமாக இருக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா என்ற மாகாணத்தின் ஜெயில்கள் நிரம்பி வழிந்ததனால், கைதிகளைக் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் உத்தரவிட்டது. மாகாண சர்க்கார் என்ன செய்தது? அவ்வளவு கடுமையில்லாத குற்றவாளிகளை மாகாண ஜெயிலுக்கு அனுப்பாமல், நம் ஜில்லாவைப்போல் அங்கே உள்ள கவுண்டி ஜெயில்களில் வைக்கும்படி சட்டம் செய்தது. மாகாண ஜெயிலில் கூட்டம் குறைந்தது. கவுண்டி ஜெயில்களில் கூட்டம் ஏறியது. ஒரு குதிரிலிருந்து இன்னொரு குதிருக்கு நெல்லைக் கொட்டினால் நெல் குறைந்துவிடுமா? பிறகு 2014-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு, சிறு திருட்டு முதலியவைகளுக்குத் தண்டனையைக் குறைத்த பிறகுதான் கவுண்டி ஜெயில்களிலும் கூட்டம் குறைந்தது. பத்து வருஷம் கழித்து 2024-ல் அதே ஜனங்கள் மறுபடியும் ஓட்டுப் போட்டு அதில் சிலவற்றை உயர்த்திவிட்டார்கள். ஆகவே ஆட்களை இடம் மாற்றுவது சீர்திருத்தமல்ல என்பதும், உள்ளே இருக்கும் நாளைக் குறைப்பதே சீர்திருத்தம் என்பதும், ஜனங்களின் மனது மாறாவிட்டால் அதுவும் நிலைக்காது என்பதும் விளங்குகின்றன. அதே தேசத்தில் இல்லினாய் என்ற மாகாணம் 2023 செப்டம்பர் முதல் பண ஜாமீன் என்பதையே அடியோடு எடுத்துவிட்டது. ஒருவனால் பிறருக்கு ஆபத்து உண்டா, அவன் ஓடிவிடுவானா என்று விசாரிப்பார்களேயொழிய, அவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள்.

“ஜாமீன் இல்லாமல் விட்டால் ஓடிவிடுவானே?” என்று சிலர் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி என்பதனால் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. 1961-ல் நியூயார்க் நகரத்தில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பணம் கேட்காமல், இவனுக்கு வீடு வாசல் உண்டா, வேலை உண்டா, குடும்பம் உண்டா என்று மாத்திரம் விசாரித்து, உண்டு என்று கண்டவர்களை அவர்கள் வார்த்தையின் பேரிலேயே விட்டார்கள். மிகப் பெரும்பாலோர் குறித்த நாளில் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் என்ன? யாரால் ஓட முடியும்? பாஸ்போர்ட்டும் பாங்கிக் கணக்கும் உள்ளவனால் ஓட முடியும். அப்படிக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிவிட்டுக் கப்பலேறியவர்களை இந்த நாடு பார்த்திருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து நடவாள் எங்கே ஓடுவான்? ரேஷன் கடை இந்த ஊரில், குழந்தை படிப்பது இந்த ஊரில், வாங்கிய கடனும் இந்த ஊரில். ஓட முடியாதவனிடத்தில் ஜாமீன் கேட்டு, ஓடக்கூடியவனை ஜாமீனில் விடுகிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்லுவது?

“குற்றவாளிகளிடத்தில் பரிதாபம் காட்டுகிறீர்களே, பறிகொடுத்தவன் கதி என்ன?” என்பது இரண்டாவது கேள்வி. பறிகொடுத்தவனுக்கு வேண்டியது தீர்ப்பு. சீக்கிரமான தீர்ப்பு. ஆளை உள்ளே போட்டுவிட்டோம் என்ற திருப்தியில் வழக்கைத் தூங்க வைப்பதால் பறிகொடுத்தவனுக்கும் நஷ்டமே. கடைசியில் சாட்சி செத்து, தஸ்தாவேஜு தொலைந்து, உண்மைக் குற்றவாளியும் விடுதலையாகிறான், குற்றமற்றவனும் இழந்த வருஷங்களோடு விடுதலையாகிறான். ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் நடவு வேலை. அந்த வேலையில் சம்பாதித்தால்தான் வருஷத்துக்குச் சோறு. அவன் உள்ளே இருந்தால் மனைவி வட்டிக்கு வாங்குகிறாள். பையன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறான். குற்றம் ருசுவாகாத ஒருவனுக்காக, குற்றமே சாட்டப்படாத நாலு பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

தீர்ப்பாகித் தண்டனை அனுபவிப்பவர்களின் காலமும் நியாயமான கணக்கில் இல்லை. 2008-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா நூற்றாண்டு பிறந்த நாளில், ஏழு வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரைத் தமிழ்நாட்டு சர்க்கார் விடுதலை செய்தது. அப்படி வெளியே வந்தவர்களையும், விட்டவர்களையும் நாம் குறைகூறவில்லை. அது மனிதத்தன்மையான காரியமே. ஆனால் திருந்தியவனை விடுவது நியாயமானால், தலைவர்களின் பிறந்த நாள் வரும்வரை அந்த நியாயம் ஏன் காத்திருக்க வேண்டும்? ராஜா பட்டாபிஷேகத்தன்று கைதிகளை விட்ட வழக்கத்தின் மிச்சமல்லவா இது? விடுதலை என்பது பிரசாதமாக இருக்கக்கூடாது. கைதி எந்த நாளில் என்ன யோக்கியதையோடு விடுதலைக்கு உரியவனாகிறான் என்பது சுவரில் எழுதி ஒட்டிய விதியாக இருக்க வேண்டும்.

ஜெயிலுக்குள்ளும் இதே கதைதான். சமூக அந்தஸ்தும் படிப்பும் சௌகரிய வாழ்க்கைப் பழக்கமும் உள்ளவனுக்கு முதல் வகுப்பு என்று நம் ஜெயில் விதிகள் இருந்துவந்தன. பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்துவைத்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. கைதிகளை ஜாதி பார்த்துப் பிரிப்பதும், ஜாதி பார்த்துச் சமையலையும் கூட்டுகிற வேலையையும் கொடுப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும், ரிஜிஸ்டரில் ஜாதிக் கலத்தையே எடுக்க வேண்டும் என்றும் 2024-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி அந்தக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சுயராஜ்யம் வந்து 77 வருஷம் கழித்து! கைவிலங்கை ஒருபோலப் போட்டவர்கள் ஜாதியை மாத்திரம் கழற்றாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

ஆதலால் சர்க்காருக்கு நாம் சொல்லுவது சுருக்கமானது. ஜாமீன் தொகையை ஆளின் வருமானத்தைப் பார்த்து விதிக்க வேண்டும். சொத்துக்காரன் கையெழுத்துக்குப் பதிலாக, ஊரில் உள்ள குடும்பத்தையும் வேலையையும் ஜாமீனாக ஒப்புக்கொள்ள வேண்டும். பல வழக்கு இருக்கிறது என்பதை மாத்திரம் காரணமாகக் காட்டி 479-வது பிரிவை மறுப்பது ஒழிய வேண்டும். ஒவ்வொரு கிளைச் சிறையிலும், இன்னார் இன்ன தேதியில் வந்தார், அவருடைய மூன்றில் ஒரு பங்கு இன்ன தேதியில் முடிகிறது என்று ஒரு பலகையில் எழுதிவைக்க வேண்டும். ரேஷன் கடையில் சரக்கு இருப்பை எழுதிவைக்க முடிகிறபோது மனிதனுடைய நாட்களை எழுதிவைக்க முடியாதா?

சர்க்கார் செய்யட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் ஒருவிதமான தலையெழுத்து நம்பிக்கைதான். ஆகவே நமது தோழர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பகோணமோ, மன்னார்குடியோ, நாகப்பட்டினமோ, உங்கள் பக்கத்து ஜெயிலில் உங்கள் ஊர்க்காரர் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்று வருகிறது என்று கணக்குப் போடுங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்த பையனே போதும். தேதி வந்ததும் ஜெயில் சூப்பரின்டெண்டுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு மனு எழுதுங்கள். காவலில் உள்ளவன் யாராய் இருந்தாலும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி அவனுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சர்ட்டிபிகேட்டுகூடத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பட்டா உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஜாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் கேட்டால் கை தட்டுகிறவர்கள்தான். சேரியிலிருந்து ஒரு தாய் வந்து, “ஐயா, என் மகனுக்கு ஒரு கையெழுத்து” என்று வாசலில் நிற்கும்போது, “எதற்கு வம்பு” என்று உள்ளே போனவர்கள் நம்மில் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்லுவான், சொந்த ஜாதிக்காரன் என்ன சொல்லுவான் என்று அந்தப் பட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் இல்லையா? தோழர்களே, ஆளை விசாரியுங்கள். அவன் ஓடமாட்டான் என்று உங்களுக்குத் தெரிந்தால் கையெழுத்துப் போடுங்கள். சமபந்தி போஜனத்தில் ஒரு வேளை சாப்பிடுவதைவிட ஒருவனுக்கு ஜாமீன் நிற்பது கஷ்டமான காரியம். கஷ்டமான காரியம் என்பதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். சட்டம் மாறுகிற வரைக்கும் ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பட்டாக்காரர்கள் இதற்கு முன்வருவார்களானால், நடவு தொடங்குவதற்கு முன் எத்தனையோ பேர் வீடு திரும்புவார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்க உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் நமது கேள்வி.